ஐந்து நிமிஷக் காற்று

"வாழை அத்தனையும் படுத்துடுச்சு கண்ணு. வூட்டு மேல கூரை இல்ல. நீ பயந்துக்காத, உசுருக்கு ஒண்ணும் ஆகல."

சித்திரை மாசத்து ராத்திரி, மணி ஒன்பதிருக்கும். சின்னம்மா போனில் இவ்வளவுதான் சொன்னாள். பின்னாலே யாரோ தகரத்தை இழுக்கிற சத்தம், பேத்தி அழுகிற சத்தம். அதோடு லைன் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துக் கச்சிராயபாளையம் போய் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோமுகி அணைக்கும் அந்தண்டை கல்வராயன் மலை ஒன்றும் நடவாதது போலப் பளிச்சென்று குளித்து நின்றது. வழியில் இரண்டு ஊர்களில் ஓர் ஓலை கூட அசங்கியிருக்கவில்லை. "ஒருவேளை சின்னம்மா மிகைப்படுத்திவிட்டாளோ?" என்று கூட எனக்குத் தோன்றியது. அடுத்த திருப்பத்தில் ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வேரோடு கிடந்தது. கரண்டுக் கம்பம் மூன்று, கும்பிடு போடுகிற மாதிரி வளைந்திருந்தன. ஆட்டோக்காரர், "இதுக்கு மேல நடந்துதாம்மா போகணும்" என்று சொல்லிவிட்டார்.

சின்னம்மாவின் வீடு எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு. நடுவே நாட்டு ஓடு, முன்னாலும் பின்னாலும் சிமென்ட் ஷீட் போட்ட சார்ப்பு. சித்தப்பா இருந்தபோது போட்டது. அன்று வாசலில் நின்று பார்த்தால் அடுப்பங்கரைக்கு மேலே நீல ஆகாயம் தெரிந்தது. முன் சார்ப்பு மூங்கிலோடு எழும்பி, பக்கத்து நிலத்துக் கரும்பில் போய் விழுந்திருந்தது. ஓடுகள் பாதி உள்ளே, பாதி வெளியே.

சின்னம்மா முறத்தை வைத்துக்கொண்டு தரையில் எதையோ பொறுக்கிக் கொண்டிருந்தாள். பத்திரமோ நகையோ என்று நினைத்தேன். இல்லை. ஆடிப்பட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்த விதை மல்லாட்டை! பரணில் இருந்த மூட்டை கிழிந்து, மழையில் ஊறி, ஓட்டுத் தூளோடு கலந்து கிடந்தது. "ஊறினது முளை கட்டிக்கும், இல்லாட்டி பூசணம் புடிச்சிக்கும். காஞ்சதா ரெண்டு படி தேறுமான்னு பாக்குறேன்" என்றாள். பட்டா நகலும் ரேஷன் கார்டும் டிரங்குப் பெட்டிக்குள் சொட்டு ஈரமில்லாமல் இருந்தன. அதைச் சொல்லி நான் சந்தோஷப்பட்டபோது, "அதை நட்டா முளைக்குமா?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குப் பதில் வரவில்லை.

"எவ்வளவு நேரம் அடிச்சுது சின்னம்மா?"

"அடுப்புல உலை வெச்சேன். கொதி வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

ஊரில் எல்லாரும் சூறாவளி என்றார்கள். சிலர், 'சுத்திச் சுத்தி வந்துச்சு, தும்பிக்கை மாதிரி எறங்குச்சு' என்றார்கள். அமெரிக்காவில் டோர்னடோ என்கிறார்களே, அந்தச் சுழல்காற்றோ இது? எனக்கும் சந்தேகம். சாயங்காலம் தம்பியோடு (சின்னம்மாவின் பிள்ளை) வாழைத் தோட்டத்துக்குப் போனேன். ஒரு ஏக்கர், குத்தகை நிலம். குலை தள்ளி, இன்னும் ஒன்றரை மாசத்தில் வெட்டவேண்டிய மரங்கள் அத்தனையும் தரையில். சவுக்குக் கழி முட்டுக் கொடுத்திருந்தும் கழியோடு சாய்ந்திருந்தன. ஆனால் ஒன்று கவனித்தேன். பம்பு செட்டுக்குப் பக்கத்தில் நான்கைந்து மரங்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிலும் மற்ற மரங்கள் வெளிப்பக்கமாகவே தலை வைத்து, விசிறி விரித்தாற்போல விழுந்திருந்தன.

இதைப் பார்த்ததும் எப்போதோ படித்த ஒரு ஜப்பானியரின் கதை ஞாபகம் வந்தது. டெட்சுயா ஃபுஜிட்டா என்று பெயர். 1945-ல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்து சில வாரங்கள் கழித்து அங்கே போய்ப் பார்த்தவர். குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் கருகியும் நிமிர்ந்து நிற்க, சுற்றிலும் இருந்தவை வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தனவாம். பிற்பாடு சிகாகோ சர்வகலாசாலையில் சுழல்காற்று ஆராய்ச்சி செய்தார். சேதத்தைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கிற ஃபுஜிட்டா அளவுகோலை 1971-ல் கொடுத்தவர் அவர்தான். 1974 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரே சமயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சுழல்காற்றுகள் அடித்தபோது, விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்த்தவருக்கு ஒரு காட்டில் மரங்கள் நட்சத்திரம் போலச் சிதறி விழுந்திருப்பது தெரிந்தது. நாகசாகியில் பார்த்த அதே கோலம். இது சுழன்றடித்த காற்று இல்லை, மேகத்திலிருந்து நேரே கீழே விழுந்த காற்று என்று சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள்.

காற்று எப்படி விழும் என்று கேட்பீர்கள். சித்திரை வெயிலில் மலையும் சமவெளியும் தகிக்க, ஈரக் காற்று மேலே எழும்பிப் பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலே மேகமாகக் குவிகிறது. அதிலிருந்து விழும் மழையில் ஒரு பங்கு வழியிலேயே உலர்ந்த காற்றில் ஆவியாகிப் போகும். ஆவியாகும்போது அந்தக் காற்று சட்டென்று குளிர்ந்து கனத்துவிடும். கனத்தது கீழே விழும். ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் சாய்த்தால் நாலா பக்கமும் ஓடுமே, அதுபோலத் தரையில் மோதிய காற்று நாலா பக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் திடீரென்று ஜில்லென்று மண் வாசனையோடு ஒரு காற்று வருகிறதே, அது இதன் சாதுவான தங்கை. நான் விஞ்ஞானி இல்லை. ஆனாலும் அந்த வாழைத் தோட்டம் ஃபுஜிட்டா பார்த்த கோலத்தைத்தான் காட்டியது என்று நினைக்கிறேன். பக்கத்து ஊரில் ஓர் ஓலை அசையாததும் இதனால்தான். புயல் என்றால் ஜில்லா முழுவதையும் வாரும். இது ஒரு தெருவைப் பொறுக்கி எடுக்கும்.

நிஜமான சுழல்காற்று தும்பிக்கை போலத் தொங்கி, மரங்களை முறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டு, ஒரு குறுகிய பாதையில் போகும். நம் தேசத்தில் அது வங்காளம், ஒரிஸா, அஸ்ஸாம் பக்கம் பங்குனி சித்திரையில் வரும். 1998 மார்ச் 24 அன்று ஒரிஸா-வங்காள எல்லையில் தாந்தன், ஜலேஸ்வர் பக்கம் வந்தது நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 மார்ச் 31 அன்று ஜல்பாய்குரி ஜில்லாவில் மயினாகுரியைச் சில நிமிஷங்களில் நாசம் செய்தது. எல்லாவற்றையும் விடக் கொடியது 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தில் சாட்டூரியா பக்கம் அடித்தது. சுமார் 1300 பேர் மாண்டார்கள். நம் பக்கம் அது அபூர்வம். மேல் ஆகாயத்தில் வேகமாக ஓடும் காற்று, அங்கே போல இங்கே கோடையில் பலமாக இருப்பதில்லை. ஆனால் கூரை போனவளுக்குக் காற்று சுழன்று வந்ததா நேரே விழுந்ததா என்பதில் என்ன இருக்கிறது? சின்னம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "ரெண்டும் ஒரே கழுதைதான்" என்றாள்.

எங்கள் குடும்பத்துக்குக் காற்று புதிசில்லை. பாட்டி வீடு பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 விடியற்காலை 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது, தோப்பிலிருந்த பலாவும் முந்திரியும் ஒரே காலையில் படுத்துவிட்டன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. பலா மரம் வைத்து முதல் காய் பார்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும். பாட்டிக்கு அந்த மரங்கள்தான் பாங்க். பேத்திகளுக்குக் கம்மல், பிரசவச் செலவு, எல்லாம் பலாக் காசு. மரம் விழுந்ததைப் பார்த்துப் பாட்டி அழவில்லை. மறுநாள் முதல் சமையலறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள், அவ்வளவுதான். ஊரில் முந்திரிக் கொட்டை உடைக்கப் போன பெண்களுக்கும் வேலை போயிற்று. 'வருமானமும் போச்சு, வாயும் போச்சு' என்பாள் அம்மா. கையில் காசு புழங்கினவரை அந்தப் பெண்களின் பேச்சு வீட்டில் எடுபட்டது என்று அர்த்தம்.

சரி, காற்று போன பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

காற்றடித்த அன்று யாருக்கும் கீறல் கூட இல்லை. மூன்றாம் நாள்தான் விபத்து. பின் சார்ப்பில் உடையாமல் நின்ற ஷீட்டைச் சரிசெய்கிறேன் என்று தம்பி மேலே ஏறினான். சிமென்ட் ஷீட் மனுஷப் பாரம் தாங்காது. பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும். விரிசல் விட்டிருந்தால் அப்பளம். கால் உள்ளே இறங்கி, அப்படியே அம்மிக்கல் பக்கத்தில் விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்து, தொடையில் ஆணி கிழித்துவிட்டது. யாரோ ஓடிப்போய் மஞ்சள் தூளும் காப்பித் தூளும் கொண்டுவந்தார்கள். நான் கத்திவிட்டேன். வாசகிகளே, தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். ஓடுகிற சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். துருப்பிடித்த ஆணி, தகரம், மண் பட்ட காயம் என்றால் தனுர்வாயு ஊசி போட்டுக்கொள்ளவேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சின்ன வயசில் போட்டாச்சே என்று இருந்துவிடக் கூடாது. ஷீட் மேல் ஏறியே ஆகவேண்டுமென்றால் உத்தரத்துக்கு உத்தரம் எட்டுகிற மாதிரி நீளப் பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்கவேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பழைய சிமென்ட் ஷீட்டில் கல்நார் இருக்கிறது. உடைந்த தூளைத் துடைப்பத்தால் வறட்டென்று பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சில் போகும். அது நுரையீரலுக்குக் கெடுதல், பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும். முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, வாயையும் மூக்கையும் நன்றாக மூடிக்கொண்டு, ஈரத்தோடே அள்ளிச் சாக்கில் கட்டவேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடக்கூடாது. சின்னம்மா வீட்டில் உடைந்த துண்டை வைத்துப் பேத்தி பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்!

அறுந்த கரண்டுக் கம்பி கிடந்தால் அது செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஈரத்தில் பத்தடி தள்ளி நிற்பதும் போதாது, இன்னும் விலகி நின்று ஆட்களைத் தடுத்துவிட்டு மின்வாரியத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சேதத்தைச் சொல்ல ஜில்லா கட்டுப்பாட்டு அறை 1077.

பத்திரிகைகளில் எத்தனை ஏக்கர், எத்தனை வீடு, எத்தனை கம்பம் என்று எழுதுவார்கள். ஒரு கணக்கு மட்டும் எதிலும் வருவதில்லை. சின்னம்மா வீட்டுக் கொல்லையில் ஓலைத் தட்டி வைத்துக் கட்டிய குளியல் மறைப்பு இருந்தது. அதுவும் பறந்துவிட்டது. சின்னம்மாவும் பன்னிரண்டு வயசுப் பேத்தியும் பதினோரு நாள் விடியுமுன் மூன்றரை மணிக்கு எழுந்து இருட்டில் குளித்தார்கள். பேத்தி பெரியவளாகி நான்கு மாசம்தான் ஆகியிருந்தது. துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது? பகலில் வெளியே போகாமலிருக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். நீர்க்கடுப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மருந்தை விட முதல்ல நாலு கழி நட்டு ஒரு படுதாவக் கட்டுங்க" என்றாராம். கூரைக்கு முன்னால் கட்டவேண்டியது அதைத்தான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே! ஆண்கள் தலைக்குமேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தொந்தரவு. மலைமேல் கறுப்புக் கட்டினால் போதும், புஸ்தகப் பையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாது. பயந்த குழந்தையைப் பேசவிட்டுக் கேட்கவேண்டும். சீக்கிரம் பள்ளிக்கு அனுப்பவேண்டும். கையில் ஒரு பொறுப்பும் கொடுக்கலாம். இடி இறங்கினால் ஜன்னல் சாத்துவதும் டார்ச் எடுப்பதும் இனி உன் வேலை என்று நான் சொன்னேன். (காற்று வருகிறபோது ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தப்பு. உள்ளே புகுந்த காற்றுதான் கூரையை அடியிலிருந்து தூக்குகிறது.) மாசக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடில்லாமல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிவாரணக் கதைக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்கள் தத்தளித்தபோது அரசாங்கம் அறிவித்த தொகை இது: சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500, மானாவாரிக்கு 8,500. பயிர் மூன்றில் ஒரு பங்காவது போயிருக்கவேண்டும். ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். பதினேழாயிரத்தை வகுத்தால் ஏக்கருக்கு ஏழாயிரம் கூட வராது. சின்னம்மா அந்த ஒரு ஏக்கர் வாழைக்குப் போட்டது எண்பதாயிரம். அதில் பாதி மகளிர் குழுக் கடன்.

அந்த ஏழாயிரத்துக்கும் வழியில்லை என்று தெரிந்தது பிறகுதான். அடங்கலில் நிலத்துக்காரர் பெயர். குத்தகை வாய்ப் பேச்சு. அலுவலகத்தில் இருந்தவர், "உங்க பேர்ல பயிரே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, காகிதம் சொன்னதை அவர் சொன்னார். நிலத்துக்காரரிடம் போனால், "வந்தா பாதி தரேன்" என்றார். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பதிவு செய்யலாம் என்று பேச்செடுத்தாலே நிலத்தை வாங்கிக்கொள்வார்களோ என்று பயம். "அவரு மனசு கோணாம இருந்தாத்தான் அடுத்த வருஷமும் மண்ணு" என்கிறாள் சின்னம்மா. குத்தகைக்குப் பயிரிடுகிற பெண்கள், முடிந்தால் ஒரு துண்டுக் காகிதத்திலாவது நிலத்துக்காரர் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்தால் மரத்தை வெட்டி ஒதுக்குமுன், கூரையை வாருமுன், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். சின்னம்மா வாசல் அசிங்கமாகக் கிடக்கிறதே என்று அன்றைக்கே பாதியைப் பெருக்கித் தள்ளிவிட்டாள். நம் பெண்களின் சுத்தம் சில சமயம் நமக்கே எதிரி!

தம்பிக்கு மாவுக்கட்டுப் போட்ட பிறகு ஒருநாள் வெள்ளிமலைக்குப் போய்வந்தேன். அதே சாயங்காலம் மேலேயும் சில ஊர்களில் அடித்திருந்தது. மலையில் பயிர் என்றால் மரவள்ளியும் சாமையும். சாய்ந்த மரவள்ளியில் கிழங்கு முறிந்தால் மண்ணுக்குள்ளேயே அழுகும். உடனே பிடுங்கி வந்த விலைக்கு ஜவ்வரிசி ஆலைக்குத் தள்ளவேண்டியதுதான். ஒரு மலையாளி வீட்டில் (மலைவாழ் ஜனங்களை அப்படித்தான் சொல்வது, கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) மோர் கொடுத்தார்கள். பழைய மண் சுவர்க் குடிசை. புல் கூரை திண்ணைக்குக் கீழே வரை தாழ்ந்து, உள்ளே குனிந்துதான் நுழையவேண்டும். பக்கத்திலே புதிய தகரச் சார்ப்பு ஒன்று காணாமல் போயிருந்தது. குடிசையில் சில பிடி புல்தான் கலைந்திருந்தது. எட்டி நீண்ட சார்ப்பு விரித்த குடை மாதிரி. காற்று அடியில் புகுந்து தூக்கும். தாழ்ந்த கூரை மேல் காற்று வழுக்கிப் போய்விடும். உடனே எல்லாரும் புல் கூரைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தீப்பிடிக்கும், ஒழுகும், இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்றவேண்டும், புல்லும் இப்போது கிடைப்பதில்லை என்று அந்த வீட்டு அம்மாளே சொன்னார்.

அங்கேயும் காகிதம்தான் தகராறு. 1976 வரை கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் வசம் இருந்தது. அதன் பிறகுதான் அரசாங்கத்தின் நில நிர்வாகம் முழுசாக உள்ளே வந்தது. பட்டா இல்லாமல் உழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "காத்துக்குப் பட்டா பாக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார்.

கீழே வந்ததும் தம்பியிடம் குடை விஷயத்தைச் சொன்னேன். புது ஷீட்டை ஆணியடிக்காமல் கொக்கி போல்ட்டு போட்டு ஒவ்வொரு சட்டத்திலும் இறுக்கினார்கள். ஓரத்தில் இரண்டு மடங்கு போல்ட்டு. சார்ப்பின் நீளத்தை இரண்டடி குறைத்தாகிவிட்டது. சட்டத்தைச் சுவரோடு கட்டுக்கம்பியால் பிணைத்தார்கள். பாரத்துக்கென்று மேலே கல் வைக்கிற வழக்கத்தை மட்டும் விடச்சொன்னேன். காற்றில் முதலில் தலையில் விழுவது அந்தக் கல்தான். கம்பிக்கும் போல்ட்டுக்கும் ஆன செலவு ஒரு ஷீட்டின் விலை கூட இல்லை.

புரட்டாசியில் மறுபடி போயிருந்தேன். தம்பி கட்டைப் பிரித்துவிட்டான், பளு தூக்க இன்னும் கை வரவில்லை. குளியல் மறைப்பு இப்போது செங்கல். அந்த ஏக்கரில் வாழை இல்லை, மல்லாட்டை. விதை கடனுக்கு வாங்கியது. அன்று பொறுக்கின மல்லாட்டையை என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒன்றரைப் படி தேறியதாம்; முளைக்குமோ முளைக்காதோ என்று வரப்போரமாகத் தனியே ஊன்றியிருந்தாள். பாதிக்கு மேல் முளைத்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மலைமேல் கறுத்தது. பேத்தி புஸ்தகப் பையை எடுத்தாள். எடுத்தவள் என்னைப் பார்த்துவிட்டு, பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனாள்.